புள்ளி இல்லாத ரெக்கை

ஆரோக்கியராஜ் பொய்யில் சோறு தின்கிறவன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவன் வேறு எப்படிப் பிழைப்பான்? மரக்காணத்து வெயிலில் உப்பு வாரிக் கறுத்த பெண்ணை, மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற படத்தில் வெளுக்க வைக்க வேண்டும். செத்துப்போன பெரியவருக்கு மூக்குப் பஞ்சை எடுத்து, கண்ணைத் திறந்து, கோட்டு மாட்டி, சுவரில் தொங்கத் தோதாக ஆக்கித் தர வேண்டும். துபாயில் இருக்கிற மகனைக் கொண்டுவந்து குடும்பப் படத்தில் அம்மா பக்கத்தில் நிறுத்த வேண்டும். முடியாது என்று சொன்னால் அடுத்த தெருவில் செய்து தருகிறவன் இருக்கிறான்.

இந்தப் பொய் எதுவும் அவன் கையால் நடக்கவில்லை என்பது வேறு விஷயம். படம் எடுப்பதோடு அவன் வேலை தீர்ந்தது. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து டச்சப் செய்வது அவன் மனைவி சகாயசெல்வி. இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் வரும். ஆனால் எந்தப் பட்டன் எங்கே என்று அவள் விரலுக்குத் தெரியும். கடலோரத்து உப்பள ஊர், கேட்க வேண்டுமா? காற்றிலேயே உப்பு. ஊர்க்காரர்கள் கொண்டுவருகிற பழைய கல்யாண நெகட்டிவை ஸ்கேன் பண்ணினால் மாப்பிள்ளை மூக்கிலும் பெண்ணின் புடவையிலும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுந்திருக்கும். அதைத் தேடித்தேடி அழிப்பதுதான் காலையில் அவளுக்கு முதல் வேலை. பல வருஷப் பழக்கத்தில், வாய் பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டிருக்க, கை பாட்டுக்கு அழித்துக்கொண்டிருக்கும்.

ஒரே ஒரு இடத்தில்தான் ஆரோக்கியராஜ் பொய்யை உள்ளே விடவில்லை. அது பூச்சி. கொசுவையும் கரப்பானையும் சொல்லவில்லை. எள்ளைவிடச் சின்னதாக, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் ஒரு கூட்டம் நம் காலடியில் திரிகிறதே, அது. ஸ்டுடியோவில் சும்மா கிடந்த பழைய ஃபிலிம் கேமராவின் லென்ஸைக் கழற்றி, தலைகீழாகத் திருப்பி, புது டிஜிட்டல் கேமராவின் முன்னால் இன்சுலேஷன் டேப் போட்டு ஒட்டினான். ஃபிளாஷ் வெளிச்சம் பூச்சி முகத்தில் அடிக்காமல் இருக்கப் பால் கவரை வெட்டி மாட்டினான். அந்த ஜோடனையை வைத்துக்கொண்டு முதல் முதலாக ஒரு சிற்றெறும்பைப் பார்த்தவன், அதன் கண்ணில் அடுக்கடுக்காக இருந்த கட்டங்களைப் பார்த்துவிட்டு, அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான்.

பூச்சியைப் பிடித்து ஊசியில் குத்துகிற வேலை அவனுக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உப்பளத்து வரப்பில் குப்புறப் படுத்துக்கொள்வான். இந்தியா முழுக்க இருக்கிற பூச்சிக்காரர்கள் சேர்ந்து இண்டர்நெட்டில் ஒரு குழு வைத்திருந்தார்கள். படத்தை அதில் போட்டால், பார்த்தவர்கள் இது இன்ன குடும்பம், இன்ன பேர் என்று சொல்வார்கள். ஆரோக்கியராஜ் சிடியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறிக் கூனிமேட்டுக்குப் போவான். அங்கே ஒரு பாய், வளைகுடாவில் இருக்கிற புருஷன்மாரோடு பெண்கள் பேசுவதற்கென்று பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். இவன் அந்தப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து, ப்ளஸ் டூ இங்கிலீஷில் தட்டுத்தடுமாறித் தன் பூச்சிக்குப் பேர் கேட்பான். சும்மா சொல்லக்கூடாது, மெல்ல மெல்ல அந்தக் குழுவில் அவனுக்கு ஒரு மரியாதை வந்தது. வேறு யாராவது படம் போட்டால் நிஜந்தானா என்று நாலு கேள்வி கேட்பார்கள். மரக்காணம் ஆரோக்கியராஜ் போட்டால் கேட்க மாட்டார்கள். அதற்காக அவன் உயிரை விடுவான். வாழ்க்கையில் அவன் பேச்சை நம்புகிற நாலு படித்த மனுஷர்கள் அங்கேதான் இருந்தார்கள்.

அதனால்தான் செல்விக்கு முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தான். ஊரையே வெளுத்துக்கொள், பூச்சிப் படத்தில் மட்டும் கை வைக்காதே, கேமரா கார்டில் இருப்பதை அப்படியே சிடியில் ஏற்றிக் கொடு. அவளும் சரி என்றாள்.

சரி என்றாளே ஒழிய, அவளுக்குப் பூச்சி என்றாலே வயிறு எரியும். நியாயமும் இருந்தது. சுனாமிக்கு மறு வருஷம் அவள் கூடப்பிறந்த தம்பிக்குக் கல்யாணம். படம் எடுப்பது வேறு யார், அக்கா புருஷன்தான். கோயிலில் ஃபாதர் தாலியை மந்திரித்துக் கொடுக்கிறார், தம்பி இரண்டு கையாலும் வாங்குகிறான். அந்த நேரம் பார்த்து மணப்பெண்ணின் மாலையில் ஒரு சின்னப் பூச்சி ஏறியது. ரெக்கை முழுக்கக் கண்ணாடி வலை பின்னின மாதிரி இருந்ததாம். ஆரோக்கியராஜ் கோட்டுப் பையிலிருந்து அந்தத் தலைகீழ் லென்ஸை எடுத்து மாட்டிவிட்டான். மாட்டிக் குனிந்து எடுத்து நிமிர்ந்தபோது தாலி ஏறி, ஜனங்கள் கைதட்டி ஓய்ந்திருந்தார்கள். ஆல்பத்தில் வாசல் இருக்கிறது, மெழுகுவத்தி இருக்கிறது, பந்தியில் எச்சில் கையோடு சித்தப்பா இருக்கிறார். தாலி கட்டுவது இல்லை. அன்றிலிருந்து செல்வியின் பிறந்த வீட்டில் அவனுக்குக் காபியை ஆற வைத்துத்தான் கொடுத்தார்கள்.

அடுத்த மாசியில்தான் அந்த ஈ வந்தது. உப்புப் பாத்தித் தண்ணீர் மேல் கோடிக்கணக்கில் நடந்து திரிகிற சாம்பல் நிற ஈ. அதுவரை அவன் அதை மதித்ததே கிடையாது. அன்றைக்கு வேறொன்றும் கிடைக்காத எரிச்சலில், வரப்பில் உட்கார்ந்திருந்த ஒன்றை எடுத்தான். கேமராவின் திரை தீப்பெட்டி அளவு. அதில் பார்த்தால் கறுப்பாக ஒரு பொட்டு தெரிந்தது, அவ்வளவுதான். கார்டைச் செல்வியிடம் கொடுத்தான். மறுநாள் பிரம்மதேசத்தில் கல்யாணம் இருந்ததால் கார்டைக் காலி பண்ணித் திரும்பக் கொடுத்தாள். சிடியில் அந்த ஒரு ஈ மட்டும் கண்ணைப் பறிக்கிற மாதிரி விழுந்திருந்தது. காலில் இருந்த முடிகூட எண்ணலாம்.

குழுவில் போட்ட மறுநாளே சென்னையிலிருந்து சக்கரபாணி என்கிறவர் எழுதினார். ரிட்டயர் ஆன விலங்கியல் பேராசிரியர். வாழ்நாள் முழுக்க ஈயைத் தவிர வேறு எதையும் பார்க்காதவர். இந்த ஜாதி ஈக்கு ரெக்கையில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும், எல்லாவற்றுக்கும் இருக்கும், உங்கள் ஈக்கு ஒன்றுகூட இல்லை, அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை, இது யாரும் இதுவரை பேர் வைக்காத ஈயாக இருக்கலாம், நான் நேரில் வருகிறேன் என்றார். வேறு யாராவது போட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டேன், நீங்கள் என்பதால் வருகிறேன் என்றும் ஒரு வரி எழுதியிருந்தார்.

ஆரோக்கியராஜுக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி ஸ்டுடியோவுக்கு ஓட்டமாக வந்து செல்வியிடம் அத்தனையும் சொன்னான். ரெக்கையில் புள்ளியே இல்லை என்பதை மாற்றி மாற்றிச் சொன்னான். அவள் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு, அவனையே பார்த்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன், பேராசிரியர் வருகிற தேதியில் ஒத்துக்கொண்டிருந்த கல்யாணத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னான். பெண் வீட்டார் செல்விக்கு ஒன்றுவிட்ட உறவு. எடுத்த வாயை அவள் மூடிக்கொண்டாள்.

நடுவில் அவனும் சும்மா இருக்கவில்லை. உப்பளத்துக்குப் போய் அந்த ஈயைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தான். காற்றுக் காலம். ஒரு படமும் நிற்கவில்லை. ரெக்கை புகை மாதிரி மங்கலாக விழுந்தது. அதில் புள்ளி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

பங்குனியில் சக்கரபாணி வந்தார். தலையில் துண்டு, கையில் வலை, கழுத்தில் பூதக்கண்ணாடி. வயசுக்கு மீறின நடை. இரண்டு பேரும் காலையிலிருந்து வெயில் உச்சிக்கு ஏறும் வரைக்கும் வரப்பு வரப்பாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்கள். உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் பலகையை நிறுத்திவிட்டு, இந்த ஈக்கா இவ்வளவு பாடு என்று சிரித்தார்கள். பேராசிரியர் ஒவ்வொரு ஈயாகப் பிடித்துக் கண்ணாடிக் குப்பியில் விட்டுப் பார்ப்பார். புள்ளி இருக்கும். அடுத்தது. புள்ளி இருக்கும். படம் எடுத்த அதே வரப்பில், அதே இடத்தில் பிடித்த ஈக்கும் புள்ளி இருந்தது. சாம்பல் ரெக்கையில் உப்புத்தூள் தெளித்த மாதிரி வெள்ளை வெள்ளையாக. கடைசியில் அவர் வலையை மடக்கினார். படத்தைக் கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டும் என்றார்.

ஸ்டுடியோவில் செல்வி எழுந்து நின்று இடம் விட்டாள். பேராசிரியர் ரெக்கையைப் பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கி, மூக்கைத் திரையில் வைத்துப் பார்த்தார். ரெக்கை நரம்பு ஓர் இடத்தில் அறுந்து, கொஞ்சம் தள்ளி மறுபடி ஓடியது. இன்னோர் இடத்திலும் அப்படியே. புள்ளி இருக்க வேண்டிய இடங்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆரோக்கியராஜ் முகத்தில் ஈயாடவில்லை. நான் கை வைக்கவில்லை சார் என்றான். பேராசிரியர் அவனைப் பார்க்காமல் செல்வியைப் பார்த்தார்.

"ஏம்மா, இந்தப் படத்துல கம்ப்யூட்டர்ல ஏதாவது மாத்துனீங்களா?"

"இல்லீங்க சார். பூச்சிப் படத்துல நான் கையே வைக்கறதில்ல. அதெல்லாம் அவரே பாத்துக்குவாருங்க."

அவ்வளவுதான். அவர் சத்தம் போடவில்லை, திட்டவில்லை. வாங்கி வைத்த கலர் சோடாவை மரியாதைக்குக் குடித்துவிட்டு பஸ் ஏறினார். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

அந்த வாரமே குழுவில் அறிவிப்பு வந்தது. மரக்காணத்து ஈயின் படம் திருத்தப்பட்டது. அது மட்டுமில்லாமல், அதே நபர் இதுவரை கொடுத்த எல்லாப் பதிவுகளும் சந்தேகத்துக்கு உரியவை, குழு தயாரித்துக்கொண்டிருக்கும் கடற்கரைப் பூச்சிகள் புத்தகத்திலிருந்து அவை எடுக்கப்படும். கூனிமேட்டு பாய் கடையில், புருஷனோடு கொஞ்சிக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவே உட்கார்ந்து அவன் இதைப் படித்தான். எறும்பு போச்சு, கண்ணாடி ரெக்கைப் பூச்சி போச்சு, வரப்பில் வெந்து எடுத்த அத்தனையும் போச்சு. ஊரையே பொய்யாக வெளுத்தவனுக்கு ஒரு கெட்ட பேர் இல்லை. நிஜத்தை நிஜமாகவே எடுத்தவனுக்குக் கள்ளன் என்று பேர். அவனுக்கு அழுகை வந்தது. பக்கத்துப் பெண் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னண்ணா என்று கேட்டாள்.

வைரஸ் என்றான். சிடி கோளாறு என்றான். கேமராவுக்குள் உப்பு இறங்கிவிட்டது என்று அதைப் பிரித்துப் போட்டுத் துடைத்தான். யார் யார் மேலோ சந்தேகப்பட்டான், பாயைக்கூட விட்டுவைக்கவில்லை. பெண்டாட்டி என்று மட்டும் அவனுக்குத் தோன்றவே இல்லை. கை வைக்கவில்லை என்று அவள் சொன்னாளே, அது போதும் அவனுக்கு. செல்வி அந்த நாட்களில் அவனை விழுந்து விழுந்து கவனித்தாள். வஞ்சிரம் வாங்கி வறுத்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக வீட்டுக்கு வந்தவனைப் பார்த்து, ரொம்ப நாள் கழித்துச் சிரித்தாள். ஒத்துக்கொண்ட கல்யாணங்களுக்கு அவன் நேரத்துக்குப் போனான், ஒரு தாலியைக்கூடத் தவறவிடவில்லை. நல்லாத்தான் இருந்தது, அவளுக்கு.

வைகாசியில் ஒரு நாள் அனுமந்தையிலிருந்து ஓர் அம்மாள், செத்துப்போன தன் புருஷனின் பழைய நெகட்டிவ் ஒன்றைக் கொண்டுவந்து பெரிதாக்கித் தரச் சொல்லிக் கேட்டாள். செல்வி ஸ்கேன் பண்ணித் திரையில் ஏற்றினாள். மனுஷர் முகமெல்லாம் உப்பு. ஆரோக்கியராஜ் பின்னால் நின்று பேட்டரிக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தான். செல்வி அந்த அம்மாளிடம், என்ன வியாதி, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். திரையைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. அவள் கை மட்டும் போய்ப் போய், ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியிலும் வட்டமாக ஒரு தேய். புள்ளி மறைந்தது. அடுத்தது. மறைந்தது. அவருடைய சட்டைக் கோடு ஓர் இடத்தில் அறுந்து, கொஞ்சம் தள்ளி மறுபடி ஓடியது.

ஆரோக்கியராஜ் கையிலிருந்த பேட்டரியைக் கீழே வைத்தான். அந்த அம்மாள் போகும் வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெளி ஆட்கள் முன்னால் செல்வி அவனை 'நீங்க' என்பாள், இரண்டு பேராக இருந்தால் 'நீ'தான். வாசலில் செருப்புச் சத்தம் ஓய்ந்ததும் கேட்டான்.

"அந்த ஈ ரெக்கைய நீதான தொடச்ச?"

அவள் திரும்பவில்லை. ஆமாம் என்றாள். உப்பு என்று நினைத்தாளாம். கை தானாகப் போய்விட்டதாம். வேண்டுமென்று செய்யவில்லை, மாதா மேல் ஆணை என்றாள். அது உண்மைதான் என்று அவனுக்கும் தெரிந்தது. இந்த ஊரில் வெள்ளையாக ஒன்று தெரிந்தால் யாருக்கும் அதுதான் தோன்றும். சரி போகட்டும் என்று சொல்ல அவன் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதோடு நிறுத்தியிருந்தால் அவன் அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பான். எப்போது தெரிந்தது என்று கேட்டுவிட்டான்.

"ரெக்கையில புள்ளியே இல்லன்னு நீ குதிச்சிக்கினு வந்தியே, அன்னைக்கே தெரியும்."

அப்படியானால் அந்தப் பேராசிரியரை அவ்வளவு தூரம் வரவிட்டு, அந்த வெயிலில் அலையவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்ன வார்த்தை வாய் தவறி வந்தது இல்லை. அவரே பாத்துக்குவாருங்க. யோசித்து வைத்திருந்து சொன்னது.

"தெரிஞ்சேதான் சொன்னேன்" என்றாள் செல்வி. இப்போது திரும்பினாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "அந்தக் கூட்டத்துல உன் பேரு கெட்டாத்தான் நீ வீட்டுக்கு வருவ. வந்தியா இல்லியா? என் தம்பி தாலி கட்டுனதுக்கு ஒரு படம் இல்ல. எங்கம்மா இன்னும் அந்த ஆல்பத்தப் பொரட்டிக்கினு இருக்கறாங்க. மாலையில இருந்த பூச்சிக்குப் பேரு கண்டுபிடிச்சியே, அந்த மாலையப் போட்டுக்கினு இருந்த பொண்ணு பேரு ஒனக்குத் தெரியுமா?"

அவன் வாயைத் திறந்தான். பேர் வரவில்லை. கல்யாணத்துக்குப் போனான், படம் எடுத்தான், ஆல்பம் போட்டான், பேர் வரவில்லை. அது தப்புத்தான், பெரிய தப்பு, யார் இல்லை என்றது? அதற்கு வீட்டுக்குள் செருப்பைக் கழற்றி அடித்திருக்கலாம். அவனை நம்பின நாலு பேர் முன்னால் கள்ளனாக்கி நிறுத்திவிட்டு, வீட்டுக்கு வந்து வஞ்சிரம் வறுத்துப் போடுவதா? நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாள் என்று அவன் உள்ளுக்குள் ஓலமிட்டான். அன்றிலிருந்து ஸ்டுடியோவிலேயே படுத்துக்கொண்டான். அவள் கொண்டுவந்த சாப்பாட்டைத் தொடவில்லை, எதிர் ஓட்டலில் வாங்கித் தின்றான். அவளைத் திட்டக்கூட இல்லை. அவள் உள்ளே வந்தால் இவன் வெளியே போவான்.

திட்டினால் செல்வி தாங்கியிருப்பாள். இதை அவளால் தாங்க முடியவில்லை. ஒரு நாள் சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, நானே அவங்களுக்கு உண்மையை எழுதுறேன் என்றாள். அவன் எழுந்து சட்டையை மாட்டினான். மனசுக்குள் செத்துக் கிடந்த என்னவோ ஒன்று அசைந்தது. அவள் வாயாலேயே போன பேர், அவள் வாயாலேயே திரும்பும் என்று நினைத்தான்.

கூனிமேட்டில் அவள் தமிழில் சொல்லச் சொல்ல பாய் இங்கிலீஷில் தட்டினார். நான் ஆரோக்கியராஜின் மனைவி. அந்தப் புள்ளிகளை அழித்தது நான். தெரிந்தும் ஐயாவிடம் பொய் சொன்னது நான். என் புருஷனுக்கு ஒன்றும் தெரியாது. சொல்லும்போதே அழுதாள், பாய்க்கே கண் கலங்கிவிட்டது. அவளுக்கு ஏது ஐடி? ஆரோக்கியராஜின் ஐடியிலிருந்தே மெயில் போனது. அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது அவள் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். அவனும் நகரவில்லை.

அடுத்த முறை இரண்டு பேருமாகவே போனார்கள். பேராசிரியரின் பதில் வந்திருந்தது. மரியாதையான மனுஷர், நிதானமாக எழுதியிருந்தார். உங்கள் மனைவியை நான் சந்தித்திருக்கிறேன். படத்தைத் தொடவில்லை என்று என் கண்ணைப் பார்த்துச் சொன்னவர் அவர். இன்று கணவனின் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ள முன்வருகிறார். அந்த அன்பை மதிக்கிறேன். ஆனால் உங்கள் ஐடியிலிருந்தே அவரை நீங்கள் இப்படி எழுத வைத்திருக்க வேண்டாம். இதற்குமேல் இந்த விஷயத்தில் எனக்கு எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆரோக்கியராஜ் அதை ஒருமுறை படித்தான். மறுபடியும் முதலிலிருந்து படித்தான். பக்கத்து நாற்காலியில் செல்வி முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு, அவன் முகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டாள். நம்பிவிட்டார்களா என்று கேட்டாள்.

அவன் திரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"உன்ன மாதிரி பொண்டாட்டி கெடைக்கறதுக்கு நான் குடுத்து வெச்சிருக்கணுமாம்."